அழிந்த சிட்டையும் எஞ்சிய பேரேடும்

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்களிடம், "கணித மேதை இராமானுஜனைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "ஐயா, நீங்க ஜவுளிக்கடைக்காரர். வழக்கம்போல சீவகசிந்தாமணியே எழுதுங்களேன்" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கல்லூரி வாசலை மிதிக்காதவன் நான். இராமானுஜனின் உயர்கணிதம் எனக்கு எட்டாது. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடைக்கணக்கு எழுதியவன். அந்தக் கண்ணோடு பார்த்ததில், அவரைப் பற்றி நாம் சொல்லிவரும் கதையில் பெரிய வரவு ஒன்று எழுதாமலே விடப்பட்டிருப்பதாகப் பட்டது.

போன கோடை விடுமுறையில் பேத்தியோடு உட்கார்ந்து, 2015இல் வந்த 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள்; கணக்கு என்றாலே அவளுக்குக் காய்ச்சல். படம் முடிந்ததும், "அவருக்கு நாமகிரித் தாயார் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு யாரு தாத்தா சொல்லுவா?" என்றாள். அப்போது சிரித்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

படம் மோசமில்லை. ஹார்டியாக நடித்தவர் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் நிரூபணம் எங்கே என்று ஹார்டி கேட்க, தாயார் தூக்கத்தில் நாவில் வைக்கிறாள் என்று இராமானுஜன் சொல்கிற காட்சிதான் மனதில் தங்குகிறது. பக்தி அவருக்கு இருந்தது, மறுக்கவில்லை. நான் கேட்பது, அந்தச் சிலேட்டு எங்கே போயிற்று?

சிலேட்டுக் கதை இந்தப் படத்துக்கு மூலமான ராபர்ட் கனிகல் எழுதிய நூலிலேயே (1991) இருக்கிறது. காகிதம் வாங்க வசதியில்லை. மாதம் நான்கு ரீம் வேண்டியிருக்கும் என்று இராமானுஜன் நண்பரிடம் சொன்னாராம். ஏறக்குறைய 2000 தாள்! சாப்பாட்டுக்கே வழியில்லாதவர் அதற்கு எங்கே போவார்? சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். முடிவு வந்தால் அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதிய தாளின் மேலேயே சிவப்பு மையால் திரும்ப எழுதியதும் உண்டு.

எங்கள் தொழிலில் பழைய நாளில் இரண்டு கணக்கு. அன்றாடம் நடப்பதை அப்படியே கிறுக்கி வைப்பது சிட்டை. கடை மூடின பிறகு அதைச் சரிபார்த்து, ஆள்வாரியாகத் தலைப்புப் போட்டு எழுதுவது பேரேடு. பேரேட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது. அதை மட்டும் பார்க்கிற பையன், முதலாளிக்குத் தப்பே வராது என்றுதான் நினைப்பான். இராமானுஜன் விட்டுச் சென்ற நோட்டுகள் பேரேடு. சிட்டை முழங்கையோடு போய்விட்டது. அதை நாம் தாயார் கணக்கில் வைத்துவிட்டோம்.

அவர் படித்து வளர்ந்த கார் என்பவரின் தொகுப்பு நூலும் ஆயிரக்கணக்கான முடிவுகளை, நிரூபணம் அதிகம் இல்லாமல் அடுக்கித் தருவதுதான். நம் பழைய நூல்களும் அப்படியே. 9ஆம் நூற்றாண்டில் சமண ஆசிரியர் மகாவீராச்சாரியார் செய்த கணிதசாரசங்கிரகம் விதியும் உதாரணமும் சொல்லும், நிரூபணம் சொல்லாது. (அந்நூலை ரங்காச்சாரியார் பதிப்பிக்க, சென்னை அரசு அச்சகம் 1912இல் வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதிதான் இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அவர் அப்பாவும் கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் குமாஸ்தா.)

இன்னொன்று. 1913இல் ஹார்டிக்கு அனுப்பிய கடிதங்களில் பகா எண்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் தவறுகள் இருந்தன. தாயார் சொன்னால் தப்பு வருமா? மனிதன் தேடிப்பிடித்தால்தான் வரும். தவறோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு அவர் மேல் மதிப்பு கூடத்தான் செய்கிறது. 3000க்கு மேற்பட்ட அந்தப் பேரேட்டுப் பதிவுகளுக்குச் சிட்டை எழுதி முடிக்க, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட்டுக்கு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன.

2014இல் ஞான ராஜசேகரன் எடுத்த தமிழ்ப் படம் கும்பகோணத்து வறுமைக்குக் கூடுதல் இடம் கொடுத்தது. அதற்காகவே பார்க்கலாம். ஏனென்றால் உண்மையான துன்பம் லண்டன் குளிரில் தொடங்கவில்லை. 1904இல் கிடைத்த கல்லூரி உதவித்தொகை மற்றப் பாடங்களில் தவறியதால் போயிற்று. பிறகு பச்சையப்பன் கல்லூரி. அங்கிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி, அடுத்த வருஷமும் தோல்வி. சட்டப்படி எல்லாம் சரி! கொஞ்சம் பழக்கியிருந்தால் இன்னும் பெரிய கணிதர் ஆகியிருப்பார், ஆனால் அவருடைய தனித்தன்மை போயிருக்கும் என்று ஹார்டி முதலில் எழுதினார். 1940இல் அதை வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று அவரே தள்ளினார். கும்பகோணம் கல்லூரி அவரை விட்டதில் லாபமே இல்லை, நஷ்டம் மட்டுமே என்றார். தான் எழுதிய கணக்கைத் தானே அடித்துத் திருத்துகிற மனசு எத்தனை பேருக்கு வரும்? மாதம் 25 ரூபாய் தன் கைப்பணத்தைக் கொடுத்த நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவையும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கதையில் சரியான இடத்தில் முதல் போட்டவர் அவர்தான்.

சைவச் சாப்பாடுதான் அவரைக் கொன்றது என்று நம்மவர்களே பேசுவது எனக்கு எரிச்சல். போர்க்காலத்தில் காய்கறி கிடைக்காமல் உடம்பு நலிந்தது நிஜம். ஆனால் காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்களே, அது காசநோயே அல்ல, கல்லீரலில் அமீபா தொற்று, அன்றைக்கே குணப்படுத்தியிருக்கலாம் என்று டாக்டர் யங் என்பவர் 1994இல் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார்.

கடைசியாக நம் ஊர் விஷயம். 1919 மார்ச்சில் இராமானுஜன் கப்பலிறங்கியது பம்பாயில்தான். தாயாரும் தம்பியும் வந்திருந்தார்கள். மனைவி ஜானகி வரவில்லை. அவள் எங்கே என்று கேட்டாராம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 26இல், 32 வயதில், போய்விட்டார். அவருடைய நோட்டுகளை 1957இல் அப்படியே படமெடுத்து வெளியிட்டதும் கொலாபாவிலுள்ள டாடா ஆராய்ச்சி நிலையம்தான். ஆங்கிலப் படத்தில் ஜானகி வளர்ந்த பெண்ணாக வந்து காதல் பேசுகிறார். கல்யாணம் நடந்த 1909இல் அந்தப் பிள்ளைக்கு வயது 10. கணவர் இறந்த பிறகு சில வருஷம் இதே பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பிறகு திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். அந்தத் தையல் மிஷினை ஆங்கிலப் படத்தில் காணோம்.