பாய்க்கயிறு பிடித்தவன் எங்கே?

கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதரைத் தரிசித்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் வந்தேன். காப்பி சாப்பிட ஒதுங்கிய கடையில் ஒரு காலண்டர் தொங்கிற்று. கடாரம் கொள்ளப் புறப்படும் ராஜேந்திர சோழன் கப்பலின் முன்முனையில் உருவிய வாளுடன் நிற்கிறான். பாய்கள் புடைத்திருக்கின்றன, புலிக்கொடி படபடக்கிறது, அலைகள் அவன் காலடியில் பணிகின்றன. சரித்திர நாவல் எழுதிப் பழகிய மனம் அல்லவா? மெய்ம்மறந்து பார்த்துக் கொண்டு நின்றேன்.

பெஞ்சியில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். வாலிபத்தில் தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் போய் வந்தவராம். “பாய் முன்னாலே புடைச்சிருக்கு, கொடி பின்னாலே பறக்குது. ஒரே கப்பலுக்கு ரெண்டு காத்தா, தம்பி? அது கிடக்கட்டும். பாய்க்கயிறு பிடிக்க ஓர் ஆளைக் காணோமே!” என்றார்.

கொடியின் பிழையை மன்னித்து விடலாம். அந்த இரண்டாவது கேள்விதான் என்னை ஊர் வரைக்கும் தொடர்ந்து வந்தது.

1025-இல் நடந்த அந்தப் படையெடுப்புக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சாட்சி சொல்கிறது. ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், கடாரம் என்று வென்ற ஊர்களை அடுக்குகிறது. ஆனால் அதே கோயிலில் நமக்குக் கிடைத்திருக்கும் சோழர் காலச் சுவர்ச் சித்திரங்களில் சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலை போகிறார், திரிபுரம் எரித்தவர் போர்க்கோலம் கொள்கிறார், போர்க்கப்பல் இல்லை. ஆகவே காலண்டர்ச் சித்திரக்காரருக்குக் கற்பனையே கதி. அந்தக் கற்பனை அரசன் ஒருவனோடு நின்று விட்டது என்பதுதான் குறை.

கண்ணால் கண்டவர்கள் இருந்தபோதும் இந்தக் குறை நேர்ந்திருக்கிறது. 1805 அக்டோபர் 21-ஆம் தேதி டிரபால்கர் கடற்போரில் நெல்சன் குண்டடி பட்டார். மாலுமிகள் கலங்கக் கூடாதென்று கைக்குட்டையால் முகத்தை மறைத்துக் கொண்டாராம். கப்பலின் அடித்தட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே, காயம் பட்ட மற்றவர்கள் நடுவே, சுமார் மூன்று மணி நேரம் கிடந்து உயிர் விட்டார்.

பெஞ்சமின் வெஸ்ட் 1806-இல் தீட்டிய படத்திலோ நெல்சன் மேல்தட்டிலேயே, வெளிச்சத்தில், கூட்டம் சூழ, நாடக மேடையில் போல இறக்கிறார். மாவீரன் சாதாரண மனிதனைப் போல இருட்டறையில் சாகக் கூடாது என்பது வெஸ்டின் கட்சி. ஆர்தர் டெவிஸ் என்ற மற்றோர் ஓவியர், திரும்பி வந்த ‘விக்டரி’ கப்பலில் ஏறி, அந்த இடத்தைப் பார்த்து வரைந்தார். விளக்கொளி, மரத்தூண், மார்பைத் தடவிவிடும் பாதிரியார், குனிந்த தலைகள். அவரும் உத்தரத்தைச் சற்று உயர்த்தித்தான் போட்டிருக்கிறார்; ஆனாலும் அங்கே மூச்சு முட்டுகிறது.

பிரதிகளில் பார்த்தவன்தான் நான். என் அபிப்பிராயத்தில் டெவிஸே வென்றார். வெஸ்ட் தந்தது சிலை. டெவிஸ் தந்தது மனிதன். முகத்தை மூடிக்கொண்ட அந்தக் கைக்குட்டையில் இருக்கும் வீரம் உருவிய வாளில் இல்லை. அன்று அந்த ஒரு கப்பலில் மட்டும் 57 பேர் மாண்டார்கள். டெவிஸின் இருட்டுக்குள் அவர்களும் இருப்பதாகத் தோன்றுகிறது. வெஸ்டின் வெளிச்சத்தில் அவர்களுக்கு இடமில்லை.

நம் சீமையிலும் இதற்கு வழிகாட்டி உண்டு. திருப்புடைமருதூர் நறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள். சில நூற்றாண்டுகளுக்கு முந்திய சுவர்ச் சித்திரங்களில், குதிரைகளை ஏற்றி வரும் கப்பல் ஒன்று இருக்கிறது. அது போர்க்கப்பல் அல்ல. ஆனால் கப்பல் என்றால் அதில் ஆட்களும் சுமையும் உண்டு என்பது அந்தப் பெயர் தெரியாத ஓவியனுக்குத் தெரிந்திருந்தது.

காலண்டர்க்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. என் நாவல் ஒன்றில் கதாநாயகன் கப்பலுக்குக் கப்பல் தாவிச் சண்டை போடுவான். துடுப்பு வலித்தவன் யார், பாய் இறக்கியவன் யார் என்று ஒரு வரி நான் எழுதவில்லை. எந்த வாசகரும் கேட்கவும் இல்லை.

கேட்டவர் கரிவலம்வந்தநல்லூர்க் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நாவலில் கப்பல் வந்தால் அந்த அத்தியாயத்தை முதலில் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவதாக இருக்கிறேன்.