மீன் நீச்சல் வகைப்பாடு: ஒரு மதிப்பீடு

மீன்கள் நீந்தும் முறைகளை அமெரிக்க மீனியலாளர் சார்லஸ் பிரீடர் 1926ஆம் ஆண்டு வகைப்படுத்தினார். நியூயார்க் விலங்கியல் கழகத்தின் ஜூவாலஜிக்கா இதழில் வெளிவந்த அந்த ஆய்வின் சொற்களே இன்றும் கல்லூரிப் பாடங்களில் வழங்குகின்றன.

வகைப்பாடு

ஒவ்வொரு வகைக்கும் பிரீடர் ஒரு மீனினத்தின் பெயரையே இட்டார். விலாங்கு வகையில் உடல் முழுவதும் அலைபோல் நெளியும். பாரை வகையில் உடலின் பின்பகுதியும் வாலுமே பெரிதும் அசையும். பெட்டிமீன் வகையில் உடல் விறைத்திருக்க, வால் மட்டும் இருபுறமும் ஆடும். திருக்கை, அகன்ற மார்புத் துடுப்புகளில் அலை எழுப்பி நகரும். கிளாத்தி, முதுகுத் துடுப்பையும் குதத் துடுப்பையும் அசைத்து நீந்தும்.

நிறை

பெயரைக் கேட்டதும் மீன் கண்முன் வருவதே இதன் சிறப்பு. ஆனால் இலத்தீன் வழிச் சொற்களை உருப்போடும் நம் மாணவருக்கு அந்தப் பயன் கிட்டுவதில்லை. விலாங்கு, பாரை, திருக்கை என்று தமிழில் சொன்னாலே பாதிப் பாடம் விளங்கிவிடும்.

குறைகள்

முதலாவது, ஒரு மீனுக்கு ஒரே நீச்சல் என்ற எண்ணத்தை இது விதைக்கிறது. பூந்தமல்லிப் பக்கம் ஏரி மீனாக விற்கப்படும் ஜிலேபி, மெதுவாக நகரும்போது மார்புத் துடுப்புகளைப் பயன்படுத்துகிறது. விரைந்து செல்லும்போது உடலையும் வாலையும் வீசுகிறது. அதை எந்த வகையில் சேர்ப்பது?

இரண்டாவது, உடல் தோற்றத்தைக் கொண்டே அசைவை ஊகிப்பது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, உடலையும் வாலையும் நெளித்து நீந்தும் 44 இன மீன்களின் அசைவை அளந்தது. சீரான வேகத்தில் நீந்தும்போது, உருவத்தில் வேறுபட்ட பல மீன்களின் நெளிவும் பெரிதும் ஒத்திருந்தது. விலாங்கு, பாரை, சூரை எனப் பிரித்த கோடுகள் அளவீட்டில் அவ்வளவு தெளிவாக இல்லை.

மதிப்பீடு

இவ்வகைப்பாட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை. மீனின் வகையாகக் கொள்ளாமல், அசைவின் வகையாகக் கொண்டால் போதும். தேர்வில் மீனையும் நீச்சல் வகையையும் ‘பொருத்துக’ எனக் கேட்பது மனப்பாடத்தையே சோதிக்கும். கொளத்தூரில் வாங்கிய ஒரு தங்கமீனைத் தொட்டியில் விட்டு, அது நிற்கும்போதும் திரும்பும்போதும் மிரளும்போதும் எந்த உறுப்பு நீரைத் தள்ளுகிறது என்று எழுதச் சொன்னால், மாணவர் மீனைப் பார்ப்பார்.