கொட்டகை தருவதும் தராததும்

கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் மலைகளில், வுட்சைடு ஊரை ஒட்டிய முன்னாள் மாட்டுப் பண்ணை ஒன்றில் பன்னிரண்டு பக்கச் சுவர்கள் கொண்ட ஒரு கொட்டகை இருக்கிறது. அது இன்று வெளியூர்க் கலைஞர்கள் வந்து வேலை செய்யும் கூடம். பண்ணையின் உரிமையாளராக இருந்தவர் வேதியியலாளர் கார்ல் ஜெராசி. கருத்தடை மாத்திரைக்கு வழிவகுத்த செயற்கை ஹார்மோனை 1951இல் உருவாக்கிய குழுவைச் சேர்ந்தவர். அவருடைய மகள், ஓவியர் பமேலா 1978இல் இறந்தார். மகள் நினைவாக ஜெராசி அடுத்த ஆண்டே, கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். இங்கே வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் தங்குகிறார்கள்.

கொட்டகைக்கென்று சில நிறைகள் உண்டு. உயர்ந்த கூரையும் அகன்ற தரையும் நகரத்து வாடகை அறையில் கிடைக்காதவை. சாயம் சிந்தினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பண்ணை நிலத்தில் சிற்பிகள் விட்டுச்சென்ற படைப்புகள் வெயிலிலும் மழையிலும் தாமே சிதைய விடப்படுகின்றன. விற்பனையை நம்பி வாழும் கலையுலகில், விலை போகாமல் மட்கிப்போகும் உரிமையைச் சிற்பத்துக்குத் தருவது துணிச்சலான செயல்.

ஆனால், இந்த நிறைகளையெல்லாம் கூரைக்கும் மரச்சட்டத்துக்கும் எழுதிவைப்பது பிழை. கலைஞருக்கு மிச்சமாகும் நேரத்தில் பெரும்பங்கு சமையலறையிலிருந்து வருகிறது. ஜெராசியின் பண்ணையில் சமையல்காரர் இருக்கிறார். நாடகாசிரியர் எட்வர்ட் ஆல்பி 1967இல் தொடங்கிய அறக்கட்டளை, நியூயார்க் மாநிலத்தின் மான்டாக்கில் நடத்தும் கொட்டகையில் தங்குமிடம் இலவசம்; உணவும் பயணச் செலவும் கலைஞர் பொறுப்பு. இரண்டும் கொடைதான். எனினும், கையில் காசில்லாதவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

பெரிய குறை வாசலுக்கு வெளியே இருக்கிறது. இத்தகைய இடங்களுக்குப் பொதுவாகத் தனியாகத்தான் வர வேண்டும். ஒரு மாத விடுப்பு கிடைக்காத தினக்கூலிக்காரரும் கைக்குழந்தை உள்ள தாயும் விண்ணப்பிக்கும் முன்பே வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள். தேர்வுக்குழு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் இந்த வடிகட்டலை அது பார்ப்பதே இல்லை. பிள்ளைப்பேற்றின் காலத்தைப் பெண்ணே தீர்மானிக்க உதவிய கண்டுபிடிப்பாளரின் நிலத்திலும், தாயான கலைஞருக்கு நேரம் எட்டாக்கனியாக இருப்பது முரண்.

எளிமையின் அழகும் ஏமாற்றக்கூடியது. மாடு கட்டி, வைக்கோல் அடுக்கி வாழ்ந்தவருக்கு அந்த முரட்டுச் சுவர் உழைப்பின் அடையாளம். ஒரு மாத விருந்தினருக்கு அது மனநிலை. அந்த உழைப்பின் வரலாறு படைப்புக்குள் வராவிட்டால் கொட்டகை வெறும் பின்னணித் திரை.

இருந்தாலும், கலைஞர்களைத் தங்கவைக்கும் இம்முறையைக் கைவிட வேண்டியதில்லை. அளவுகோலை மாற்றினால் போதும். எத்தனை ஏக்கர், எத்தனை கூடம் என்பதைவிட, இழக்கும் கூலிக்கு ஈடு உண்டா, இரண்டு வாரம் மட்டும் வர முடியுமா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவித்தொகை உண்டா என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு ஆம் என்று சொல்லும் சாதாரண வாடகைக் கட்டடம், இல்லை என்று சொல்லும் அழகிய கொட்டகையைவிடக் கலைக்கு அதிகம் செய்யும்.