நூறு மசலாவின் இளவரசி எங்கே போனாள்?

சீறாப்புராணத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். 5,027 பாடல்களில் பாடத்திட்டம் அனுமதிக்கும் ஒரு படலம், அதில் நாட்டு வளம், உவமை நயம், தமிழ் மரபோடு இஸ்லாம் இயைந்த அழகு. அத்தோடு இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் முடிந்துவிடும். ஒருநாள் மேலப்பாளையத்திலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்: "மேம், எங்க வாப்பும்மா ராத்திரி உக்காந்து படிக்கிற மாலையெல்லாம் ஏன் பாடத்துல இல்ல? அதெல்லாம் இலக்கியம் இல்லையா?"

"அது நாட்டார் வழக்காறும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போனேன்.

அந்தப் பதிலில் இரண்டு பிழைகள். அவள் வாப்பும்மா படித்தது வாய்மொழிப் பாடல் அல்ல, அச்சான நூல். அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழில், அச்சானது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி எழுத்துகளை ஆக்கிக்கொண்ட முறை அது. இரண்டாவது பிழை இன்னும் பெரியது. அந்தப் பெண்மணியை, பார்க்காமலேயே, 'படிக்காதவர்' என்ற பட்டியலில் சேர்த்திருந்தேன். அவருக்குத் தெரிந்த எழுத்து எனக்குத் தெரியாது என்பதே உண்மை. தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள் நான்.

இந்தத் துறைக்கு ஆய்வு செய்த நன்மையை மறுக்க முடியாது. இலங்கையிலிருந்து வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். சீறாவுக்கு அப்பால் எதுவும் இல்லை என்றிருந்த தமிழ்ப் புலமை உலகத்துக்கு கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, மசலா, படைப்போர் என்று ஒரு தனி வகைமை உலகத்தைத் திறந்து காட்டிய உழைப்பு அது. ஒரு சமூகத்தின் அறிவு மரபை ஆய்வு எப்படி மீட்டுக் கொடுக்கும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் மீட்பிலும் ஒரு தேர்வு இருக்கிறது. புலவர் யார், எந்த ஊர், வள்ளல் யார், எங்கே அரங்கேறியது? இவைதான் நாம் கேட்டுப் பழகிய கேள்விகள். இவற்றுக்குக் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களாகவே இருக்கும். யார் படித்தார்கள், யார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், எந்த வீட்டுப் பெட்டியில் நூல் பிழைத்துக் கிடந்தது என்று கேட்டால் வேறு வரலாறு கிடைக்கும்.

மசலாவையே எடுத்துக்கொள்வோம். மசலா என்றால் கேள்வி. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'வில் யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் கேள்வி கேட்கிறார். 'நூறு மசலா'வில் கேள்வி கேட்பவள் ஓர் இளவரசி. அவளை மணக்க வருபவன் அவளுடைய நூறு கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டும். நம் வாசிப்பு வழக்கமாக விடை சொன்ன ஆணின் ஞானத்தில்தான் நிற்கும். விடை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல அவளுக்கு அத்தனை விடைகளும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அவையில் உட்கார்ந்திருக்கும் பரீட்சை அதிகாரி அவள். கதை திருமணத்தில் முடிகிறது, அவள் கேள்விகளும் அங்கே முடிந்துவிடுகின்றன. அந்த முடிவும் நம் விமர்சனத்துக்கு உரியதுதான். ஆனால் முடிவைக் காட்டி, அதுவரை அவள் அமர்ந்திருந்த இடத்தை மறைக்க வேண்டியதில்லை.

பெண்ணியத் திறனாய்வும் இங்கே குற்றமற்றதல்ல. காரைக்காலம்மையார், ஆண்டாள் என்று தொடங்கும் நம் பெண் கவிதை வரிசை, பல நூற்றாண்டுகளை ஒரே தாவலில் கடந்து நவீனத்துக்கு வந்துவிடுகிறது. தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள், கீழக்கரை ஆசியா உம்மா ஆகிய சூஃபிப் பெண் கவிகள் அந்தத் தாவலில் காணாமல் போகிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டதும் நமக்கு ஒரு துணுக்குச் செய்திதான். பிறகு 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்தபோது, இருட்டறையிலிருந்து எழுந்த முதல் குரல் என்பதுபோலக் கொண்டாடினோம். அந்த நாவலின் வலிமையில் எனக்கு ஐயமில்லை. முன்னவர்களை அழித்துவிட்டு அவரை முதலாமவராக்கிய நம் வாசிப்பில்தான் ஐயம். முஸ்லிம் பெண்ணுக்குத் துயரம் மட்டுமே உண்டு, புலமை மரபு கிடையாது என்ற முன்முடிவு அதில் இருந்தது.

இதைத் திருத்தப்போவது யார்? தாமிரபரணிக் கரையில் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். அரபியில் கவிதை செய்த பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரில் பாளையங்கோட்டையில் 1971இலிருந்து கல்லூரி நடக்கிறது. மேலப்பாளையத்திலேயே மகளிர் கல்லூரி இருக்கிறது. பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிய தாய்மார்களின் மகள்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள். அவர்கள் தடுக்கி நிற்கும் படி அதற்கு அடுத்தது, ஆய்வு.

ஆய்வுக்கு வருமானமில்லாத நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். சச்சார் குழு 2006இல் அறிக்கை தந்த பிறகு, சிறுபான்மையின ஆய்வாளர்களுக்கென்று 2009இல் மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை வந்தது. மற்ற உதவித்தொகைகளோடு இது மேற்பொருந்துகிறது என்ற காரணத்தைச் சொல்லி, 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு அதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. ஒரு பெண்ணுக்கு இது வெறும் தொகை அல்ல. "கல்யாணத்தைத் தள்ளிப் போடுங்க, எனக்கு மாசாமாசம் பணம் வருது" என்று வீட்டில் சொல்ல உதவிய ஒரே வாக்கியம். அந்த வாக்கியம் பறிபோயிற்று.

பணம் கிடைத்தாலும் தலைப்பு கிடைக்க வேண்டும். 'உவமை நயம்' என்றால் யாருக்கும் சங்கடமில்லை. 'பெண்கள் நிலை' என்றால் மார்க்கம் பெண்ணுக்குத் தந்த உரிமைகளின் பட்டியல் ஓர் இயலாகிவிடும், நூலில் வரும் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. 'பெண்புத்தி மாலை' போன்ற அறிவுரை நூல்கள் பெண்ணை எப்படி ஆளாக்கப் பார்த்தன, அவற்றைப் படித்த பெண்கள் எதை ஏற்றார்கள், எதைச் சிரித்துத் தள்ளினார்கள் என்று கேட்க, அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசக்கூடிய ஒருத்தி வேண்டும். அந்தக் கேள்வி சமூகத்தின் பெருமைக்கும் உவப்பாக இராது, வெளியிலிருந்து வரும் பரிதாபத்துக்கும் உவப்பாக இராது. அதனாலேயே அது நல்ல கேள்வி.

தமிழ்த் துறைகள் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டு. முதுகலையில் சுவடியியல் நடத்துகிறோம், கல்வெட்டியல் நடத்துகிறோம். அதே வரிசையில் அரபுத்தமிழ் எழுத்தையும் ஒரு தாளாக வைக்கலாம். மதத்துக்கான சலுகையாக அல்ல, தமிழின் ஒரு வரிவடிவம் என்பதற்காக.

அந்த மாணவி இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாப்பும்மா படிப்பதைக் கைபேசியில் பதிவு செய்து, தமிழ் எழுத்தில் பெயர்த்து வைக்கிறாள். முனைவர் பட்டப் பதிவு இன்னும் ஆகவில்லை. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாப்பும்மா விரல் வைத்துப் படிக்க, பேத்தி எழுத, நான் பக்கத்தில் உட்கார்ந்து அலிஃப், பே கற்றுக்கொண்டிருந்தேன். "டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா?" என்று அந்த மூதாட்டி கேட்டார். நியாயமான கேள்வி.