டிக்கெட்டை மூடுவது யார் கையில்?

பிராட்பேண்ட் பயனர் உரிமை பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் "பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறிக்கலாமே" என்று முடித்துவிடுகிறார்கள். மாறலாம்தான். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கி, மோடத்தை "இலவசம்" என்று கொடுத்துக் கட்டிப்போட்ட பிறகு எப்படி மாறுவது என்பதுதான் கேள்வி.

டிராயின் 2006 சேவைத்தர விதிகளில் இதற்கு ஒரு விடை இருந்தது. பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் 7 நாள் வாடகை கழிவு, ஏழைத் தாண்டினால் 15 நாள், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாதம். இணைப்பைத் துண்டித்தால் 60 நாளில் டெபாசிட் திரும்ப வரவேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட்களை எண்ணுவது யார்? கடிகாரம் ஓடுவது புகார் எண்ணை வைத்து. அந்த எண்ணைத் திறப்பதும் மூடுவதும் கம்பெனியின் மென்பொருள். 2022-இல் எங்கள் தெருவில் ரோடு தோண்டி ஃபைபரை வெட்டிவிட்டார்கள். எனக்கு ஒன்பது நாள் இணைப்பு இல்லை. அதற்குள் நான்கு முறை "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ். ஆக, எந்தப் புகாரும் மூன்று நாளைத் தாண்டவில்லை! கழிவு கேட்டால், "சார், சிஸ்டத்துல அப்படி எதுவும் காட்டலையே." (டிக்கெட்டை மூடித் திறந்து எஸ்எல்ஏவைக் காப்பாற்றுவது எங்கள் துறையில் ரொம்பப் பழைய வித்தை.)

பிரிட்டனில் 2019 ஏப்ரலில் தொடங்கிய ஆஃப்காம் திட்டத்தில், புகார் சொல்லி இரண்டு முழு வேலை நாளில் சரியாகாவிட்டால், நாம் கேட்காமலே நாளுக்கு 8 பவுண்டு கணக்கில் ஏறும் (பின்னர் இது உயர்ந்தது). அதுவும் கம்பெனிகள் விரும்பிச் சேரும் திட்டம்தான், சட்டக் கட்டாயம் இல்லை. 2024 செப்டம்பரிலிருந்து மாறுவதற்குப் புதிய கம்பெனியிடம் மட்டும் பேசினால் போதும். நம் ஊரில் மொபைல் எண்ணுக்கு 2011-லேயே நாடு முழுக்க போர்ட் வசதி வந்துவிட்டது. பிராட்பேண்டுக்கு இன்னும் பழையவரிடம் தனியாக மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

டிராயிடம் போகலாமே என்றால், அது தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியோ கம்பெனி ஆள். மிச்சம் நுகர்வோர் ஆணையம். அந்தக் கதவையும் 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பழைய தந்திச் சட்டத்தைக் காட்டிச் சாத்தியிருந்தது. 2022 பிப்ரவரியில்தான் அதே நீதிமன்றம் ஒரு மொபைல் பில் வழக்கில் அதைத் திறந்தது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. போகும்போது எஸ்எம்எஸ்களோடு ரவுட்டர் லாகையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பெனியால் மூட முடியாத பதிவு அது ஒன்றுதான்.