ஜனவரியில் யார் ஜெயித்தால் என்ன?

2012 முதல் 2017 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து டைரோன் கவுண்டி அணி டாக்டர் மெக்கென்னா கோப்பையைத் தட்டிச் சென்றது. அதே ஆறு ஆண்டுகளில் அகில அயர்லாந்துப் பட்டம் ஒருமுறைகூட அதன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2021-இல் கொரோனாவால் மெக்கென்னா கோப்பைப் போட்டி நடக்கவே இல்லை. அந்த ஆண்டுதான் டைரோன் இறுதியாட்டத்தில் மேயோவை வீழ்த்தி அயர்லாந்தின் சாம்பியன் ஆனது. இந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கேலிக் கால்பந்தின் ஜனவரிக் கோப்பைகளைப் பற்றிப் பேசுவதே வீண்வேலை என்று தோன்றும். ஆனாலும் ஒவ்வொரு புத்தாண்டிலும் அந்நாட்டு ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசித் தீர்க்கிறார்கள். யார் புதிதாக உள்ளே வந்தார், யாரை எந்த இடத்தில் நிறுத்தினார்கள், மேலாளர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஓயாத விவாதம். அந்தப் பேச்சில் பொருள் இருக்கிறது என்பதே என் கட்சி. ஆனால் அதில் பாதி, பொருள் இல்லாத இடத்தில்தான் செலவாகிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். அணிக்குப் பதினைந்து பேர்; பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் தட்டிக் கொடுக்கலாம். வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி; கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் பொதுவாக ஒரு புள்ளி. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி ஆசிரியரும் மின்பணியாளரும் கல்லூரி மாணவரும் வேலை முடிந்து வந்து பயிற்சி செய்கிறார்கள். பிறந்த ஊரின் கிளப்புக்கு ஆடி, அதில் பெயர் எடுத்தால் கவுண்டி அணிக்கு அழைப்பு வரும். ஆட்களை விலைக்கு வாங்கும் சந்தை இங்கே இல்லை. ஜனவரிக் கடைசியில் தேசிய லீக் தொடங்கும். அதற்கு முந்தைய சில வாரங்களில் நான்கு மாகாணங்களும் தனித்தனியே நடத்தும் வெள்ளோட்டப் போட்டிகள்தான் நம் பேச்சு. அல்ஸ்டரில் மெக்கென்னா கோப்பை, லென்ஸ்டரில் ஓ'பர்ன் கோப்பை, மன்ஸ்டரில் மெக்ரா கோப்பை, கானக்டில் எஃப்.பி.டி. லீக்.

முதலில் பலவீனத்தையே எடுத்துக்கொள்வோம், அது வெளிப்படையானது. இந்தக் கோப்பைகளின் முடிவை வைத்து வரப்போகும் ஆண்டைக் கணிக்க முடியாது. 2022-ஐ எடுத்துக்கொண்டால் போதும். அந்த ஜனவரியில் கெர்ரி மெக்ரா கோப்பையை வென்றது. பிறகு தேசிய லீக், மன்ஸ்டர் பட்டம், ஜூலையில் அகில அயர்லாந்துப் பட்டம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அதே ஜனவரியில் டப்ளின் ஓ'பர்ன் கோப்பையை வென்றது. இரண்டே மாதத்தில் லீகின் முதல் பிரிவிலிருந்து கீழே தள்ளப்பட்டது. இரண்டு பலமான அணிகள், ஒரே மாதம், ஒரே வகைக் கோப்பை, ஆனால் அதன் பிறகு நடந்தவை ஒன்றுக்கொன்று நேர் எதிர். காரணம் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரு அணி முழுப் பலத்தோடு இறங்கும். எதிரணி பத்துப் புதுமுகங்களை இறக்கும். பருவம் முடிந்து ஓய்விலிருக்கும் மூத்தவர், கிளப் போட்டியில் மாட்டிக்கொண்டவர், தசைப்பிடிப்பு என்று உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் கணக்கில் இல்லை. அச்சிட்ட நிகழ்ச்சிநிரலில் உள்ள பெயருக்கும் களத்தில் ஓடுகிறவருக்கும் பொருத்தம் இருப்பதே அபூர்வம். இருபத்தி நான்காம் எண் சட்டை யாருடையது என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுப் பெயரை அடித்துத் திருத்துவதுதான் ஜனவரி ரசிகரின் முதல் வேலை. இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததை வைத்து "இந்த ஆண்டு நம்முடையது" என்று சொல்வது ஆசையைத் தவிர வேறில்லை.

ஆனால் முடிவு எதையும் சொல்லவில்லை என்பதால் ஆட்டமும் எதையும் சொல்லவில்லை என்று தாவுவது தவறு. ரசிகர் பேச்சில் நான் மதிக்கும் பகுதி ஆளைப் பற்றியது. வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும் பார்வையாளருக்கு இல்லாத ஒரு தகுதி இந்த ரசிகருக்கு இருக்கிறது. கவுண்டிச் சட்டையில் முதல்முறை இறங்கும் இருபது வயதுப் பையனை அவர் ஏற்கெனவே பல முறை பார்த்திருக்கிறார். அவன் பக்கத்துப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவன். அவனுடைய கிளப் இவருடைய கிளப்போடு இலையுதிர் காலத்தில் மோதியிருக்கிறது. உயரப் பந்தை எந்தத் தோளைச் சாய்த்துப் பிடிப்பான், நெருக்கினால் எந்தக் காலுக்கு மாறுவான் என்பது இவருக்குத் தெரியும். "கிளப்பில் நடுக்களத்தில் ஆடுகிறவனை ஏன் முழுத் தடுப்பில் நிறுத்தினார்கள்?" என்று அவர் கேட்கும்போது, தொலைக்காட்சி நிபுணர் கேட்பதைவிட அதில் சத்து அதிகம். ஜனவரி ஆட்டம் அந்த அறிவுக்கு ஒரு உரைகல். கிளப் அளவில் பளிச்சென்று தெரிந்தவன், கவுண்டி அளவின் வேகத்துக்கு ஈடுகொடுக்கிறானா என்பதை முப்பது நிமிடத்தில் பார்த்துவிடலாம். வெற்றி தோல்வி இதற்குத் தேவையே இல்லை.

இதே தகுதியின் மறுபக்கம்தான் இந்தப் பேச்சின் ஆழமான கோளாறு. முடிவுக்கு அதிக எடை கொடுப்பது சிறிய குற்றம். பிப்ரவரியில் இரண்டு லீக் தோல்வி வந்தால் தானே தெளிந்துவிடும். ஊர்ப்பற்று அப்படித் தெளிவதில்லை. தன் கிளப் பையனைப் பற்றிய சாட்சியத்தையும் தன் கிளப் பையனுக்கான வக்காலத்தையும் பிரித்துப் பார்க்க இந்த ரசிகருக்குக் கைவருவதில்லை. ஒரே ஆட்டத்தைப் பார்த்த இருவர், ஒரே வீரரைப் பற்றி, "பந்தே கிடைக்காத இடத்தில் நிறுத்திக் கெடுத்தார்கள்" என்றும் "இவனுக்கு எப்படி இடம் கிடைத்தது" என்றும் பேசினால், இருவரும் எந்தெந்த ஊர் என்பதை ஆட்டத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கவுண்டியின் பெரிய கிளப்புகளுக்குக் குரல் அதிகம். அணித்தேர்வு பற்றிய பேச்சில் அந்தக் குரல் ரசிகர்களின் பொதுக்கருத்துபோல வேடம் போடுகிறது. சம்பளமில்லாமல் ஆடும் பையனின் பெற்றோரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த ஆட்டத்தில் விமர்சனத்துக்கும் விமர்சிக்கப்படுபவருக்கும் நடுவே ஒரு தெருதான் தூரம். அது பேச்சைக் கூர்மையாக்கும், சில நேரம் கொடூரமாகவும் ஆக்கும்.

ஜனவரிக் கோப்பைகளின் பயனுக்கு என்னிடம் உள்ள மிக வலுவான சான்று ஆட்களைப் பற்றியதல்ல, விதியைப் பற்றியது. பந்தைக் காலால் உதைப்பதே அருகிப்போய், கையால் தட்டித் தட்டிப் பக்கவாட்டில் நகர்த்தும் ஆட்டமாகக் கேலிக் கால்பந்து மாறிவிட்டது என்ற புகார் பல ஆண்டாக இருந்தது. 2018-19 பருவத்துக்கு முன் ஒரு சோதனை விதி வந்தது. ஒரு அணி தொடர்ந்து மூன்று முறைக்குமேல் கையால் கொடுக்கக்கூடாது, நான்காவது காலால்தான். கூடவே பக்கக்கோட்டு உதை, தற்காலிக வெளியேற்றம், முன்களத்தில் உதைத்த பந்தைப் பிடித்தால் தடையின்றி அடிக்கும் உரிமை ஆகியவையும் சோதனைக்கு வந்தன. இவை முதலில் ஓடியது வெள்ளோட்டக் கோப்பைகளில்தான். கையால் கொடுக்கும் வரம்பு என்ன செய்தது என்பதை அந்தச் சில வாரங்களில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நடுவர் ஆட்டத்தைப் பார்ப்பதா எண்ணிக்கையைப் பார்ப்பதா என்று தவித்தார். மூன்றாவது தட்டலை வாங்கியவன் வேறு வழியில்லாமல் உதைப்பான் என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டதால் அவனை மொய்த்தார்கள். மேலாளர்களும் வீரர்கள் சங்கமும் எதிர்த்தார்கள். லீக் தொடங்குமுன்பே அந்த ஒரு விதி கைவிடப்பட்டது. மற்றவை லீகிலும் தொடர்ந்தன. பத்து நிமிட வெளியேற்றமும் முன்களப் பிடி உரிமையும் 2020-இலிருந்து ஆட்டத்தில் இடம்பெற்றன. எது நிற்கும் எது நிற்காது என்பது புள்ளிக்கு விலையில்லாத ஆட்டங்களில், மக்கள் முன்னிலையில் தெரிந்தது. அந்த வாரங்களின் ரசிகர் பேச்சு, யார் ஜெயித்தார் என்பதை மறந்து ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் இறங்கியது. அதன் உச்சத் தரம் அதுவே என்பேன்.

இந்தப் பின்னணியில்தான் 2024 இலையுதிர் காலத்தில் எடுத்த முடிவைப் பார்க்கவேண்டும். நெருக்கடியான நாட்காட்டி, வீரர்களின் களைப்பு ஆகிய காரணங்களைச் சொல்லி 2025-க்கான நான்கு மாகாணக் கோப்பைகளையும் கேலிக் விளையாட்டுச் சங்கம் ஒருசேர நிறுத்தியது. அதே 2025 ஜனவரியில்தான் ஜிம் கேவின் தலைமையிலான குழு பரிந்துரைத்த பெரும் விதிமாற்றங்கள் லீகில் அமலுக்கு வந்தன. நாற்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து அடித்தால் இரண்டு புள்ளி, இரு பாதியிலும் எப்போதும் மூன்று பேராவது நிற்கவேண்டும் என்பன போன்றவை. அதற்கு முந்தைய அக்டோபரில் க்ரோக் பார்க் அரங்கில் நடந்த மாகாண அணிகளின் ஆட்டங்களில் இவை வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது உண்மை. ஆனால் அங்கே ஆடியது தேர்ந்தெடுத்த நட்சத்திர அணிகள். சிறிய கவுண்டிகளான லாங்ஃபோர்டோ லெய்ட்ரிமோ அந்த விதிகளோடு எப்படித் தடுமாறும் என்பதை அவற்றின் ரசிகர்கள் பார்த்தது, பெரும்பாலும் புள்ளிக்கு விலையுள்ள லீக் ஆட்டத்தில்தான். வெள்ளோட்டம் மிகத் தேவைப்பட்ட ஆண்டில் வெள்ளோட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

களைப்பு என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். பல்கலைக்கழகங்களின் சிகர்சன் கோப்பையும் அதே ஜனவரியில்தான் நடக்கிறது. பத்தொன்பது வயதுத் திறமைசாலி ஒருவன் கல்லூரிக்கும் கவுண்டிக்கும் ஆடி, இடையில் இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சிக்குப் போய், சேற்றுக் களத்தில் முழங்காலைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பருவமே போச்சு. கவுண்டி ஆட்டங்களை ஜூலைக்குள் முடித்து மீதி ஆண்டைக் கிளப்புகளுக்கு விட்டதிலிருந்து எல்லாமே முன்னால் வந்து நெருக்குகிறது. ஆனால் இந்த வாதம் எதை ஒழிக்கச் சொல்கிறது? கோப்பை போனாலும் மேலாளர்கள் சும்மா இருப்பதில்லை. பக்கத்துக் கவுண்டியை அழைத்து நட்பு ஆட்டம் ஆடுகிறார்கள். அதே சேறு, அதே முழங்கால். பல நேரம் பார்வையாளருக்கு மட்டும் கதவு அடைப்பு. கல்லூரி அணியில் ஆடும் மாணவர்களை வெள்ளோட்டத்திலிருந்து விலக்கி வைத்தாலே பளுவில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதற்குக் கோப்பையை மூட வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: சோதனைக்கு லீகே போதாதா? முன்பு போதும்தான். இப்போது லீகில் எந்த இடத்தில் முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து, கோடையில் அகில அயர்லாந்துப் பட்டத்துக்கான சாம் மெக்வயர் கோப்பைக்கு ஆடுவோமா, இரண்டாம் தட்டான டெய்ல்டியன் கோப்பைக்குத் தள்ளப்படுவோமா என்பது பெருமளவு தீர்மானமாகிறது. ஏழே ஆட்டம், இரண்டு தோற்றால் வயிறு கலங்கும். இந்தச் சூழலில் எந்த மேலாளர் புதுப்பையனை இறக்கிப் பார்ப்பார்? லீகின் எடை கூடக் கூட ஜனவரியின் தேவை கூடியிருக்கிறது. நிர்வாகம் அதற்கு நேர்மாறாகக் கணக்குப் போட்டது.

அதைவிடப் பெரிய பிழை, நான்கையும் ஒரே தராசில் வைத்தது. அல்ஸ்டரில் டைரோனும் அர்மாவும் மோதினால் ஜனவரிக் குளிரிலும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். மெக்கென்னா கோப்பை 1925-இலிருந்து நடப்பது, அதற்கென்று ஒரு நினைவுச் சங்கிலி உண்டு. 2004-இல் டைரோன் தலைவராக கார்மக் மெக்கனலன் வென்றது இந்தக் கோப்பைதான். சில நாட்களில், இருபத்தி நான்கு வயதில் அவர் இறந்துபோனார். அதை ஒரு டைரோன்காரரிடம் பயிற்சி ஆட்டக் கோப்பை என்று சொல்லிப் பார்க்கட்டும். லென்ஸ்டரில் ஓ'பர்ன் கோப்பைக்குக் கூட்டம் குறைவு. டப்ளின் தன் இரண்டாம் மூன்றாம் வரிசையை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆனால் லாங்ஃபோர்டுக்கு அது வேறு பொருள். 1968-க்குப் பின் லென்ஸ்டர் பட்டமே பார்க்காத கவுண்டி அது. 2020-இலும் 2023-இலும் ஓ'பர்ன் கோப்பை கைக்கு வந்தபோது அந்த ஊர் சிறிதாகவேனும் கொண்டாடியதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கானக்டோ களப் பிரச்சினைக்குத் தானே விடை கண்டது: மேயோவின் பெக்கனில் முழு அளவு ஆடுகளத்தையே மூடும் காற்றுக் கூடாரம் கட்டி, 2022 முதல் எஃப்.பி.டி. ஆட்டங்களை அதற்குள் நடத்தியது. கோப்பைகள் நிறுத்தப்பட்ட 2025 ஜனவரியிலேயே இயோவின் புயல் அந்தக் கூடாரத்தைக் கிழித்துப்போட்டது தற்செயல்தான்.

ரசிகர் பேச்சுக்கும் நிர்வாகத்தின் இந்த முடிவுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜனவரி வெற்றியைத் தூக்கிவைத்து ஆடியதும் ஜனவரித் தோல்விக்கு மேலாளரைக் கிழித்ததும் இந்த ரசிகர்கள்தான். ஒவ்வொரு ஆட்டமும் தீர்ப்பாகிவிடும் என்ற பயம் வந்தபின், திறந்த களத்தைவிட அடைத்த களமே மேலாளருக்கு இதம். 2024-இல் மிக்கி ஹார்ட் மேலாளராக இருந்த டெர்ரி, டொனகாலை வென்று மெக்கென்னா கோப்பையையும், மார்ச்சில் டப்ளினை வென்று லீகையும் எடுத்தது. இந்த அணியை யார் தடுப்பது என்ற பேச்சு. ஏப்ரலில் அதே டொனகால், களத்தின் நடுப்பகுதி வரை ஏறி ஆடும் டெர்ரியின் கோல்காப்பாளருக்குப் பின்னால் திறந்து கிடந்த வலையைக் குறிவைத்து 4-11க்கு 0-17 என்று வென்றது. அதாவது 23 புள்ளிக்கு 17. கோல்காப்பாளர் ஏறி ஆடுவது ஜனவரியிலும் எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். அப்போது அதைத் துணிச்சல் என்று பாராட்டியவர்கள் அதிகம், திறந்து கிடந்த வலையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. முடிவு நன்றாக இருந்ததால் கேள்வி எழவில்லை.

ஆகவே கோப்பைகளை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது சொற்பம். மாகாணத்துக்கு மாகாணம் முடிவு வேறாக இருக்கட்டும். மாணவர்களுக்கு விலக்கு கொடுங்கள். அணிப்பட்டியல் உண்மையான பட்டியலாக இருக்கட்டும், எண்ணும் பெயரும் பொருந்தட்டும். மாற்று வீரர்களுக்கு வரம்பு வேண்டாம். இறுதியாட்டம் தேவையா என்பதில்தான் எனக்குத் தயக்கம். இறுதியாட்டம் இல்லாவிட்டால் முடிவின் மயக்கம் குறையும், ஒரு வாரமும் மிச்சமாகும். லென்ஸ்டரும் மன்ஸ்டரும் இதற்கு எளிதில் தலையாட்டிவிடலாம். அல்ஸ்டர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்களை ஒத்துக்கொள்ள வைக்கும் வாதமும் என்னிடம் இல்லை.