வான் கோவின் கடிதங்களில் கண்காட்சிச் செய்தி

கடிதம் இலக்கியமாகுமா என்னும் வினா திறனாய்வாளரிடையே பலகால் எழுந்துள்ளது. ஒருவர் மற்றொருவர்க்குச் செய்தி கூற எழுதுவது கடிதம். செய்தி சென்று சேர்ந்தபின் அதன் வேலை முடிந்துவிடும். எனினும் சிலருடைய கடிதங்கள் செய்தி பழமையான பின்னும் கற்கப்படுகின்றன. அதற்குக் காரணம் யாது? கடிதவகையுள் மிக எளிய ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்தல் நன்று. கலைஞன் ஒருவன், தான் புதிதாகச் செய்தது இது, அது இன்ன இடத்தில் காட்சிக்கு வரவுள்ளது என அறிவிக்கும் கடிதமே அது.

இவ்வகைக் கடிதத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தன் படைப்பைத் தானே அறிவிப்பவன் தற்புகழ்ச்சியினின்று தப்புதல் அரிது. நன்னூலார் தன்னைத் தான் புகழ்தல் தகாது என விலக்கிப் பின் நான்கு இடங்களில் அதற்கு இசைவு தருவர். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றல் உணராதார் நடுவிலும், அவையில் வாதில் வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றார் தன்னைப் பழித்த காலையும் தற்புகழ்ச்சி குற்றமாகாது. தன் படைப்பை உலகம் இன்னும் அறியவில்லை எனக் கருதும் கலைஞன் இவற்றுள் இரண்டாவதனைத் துணையாகக் கொள்ளுதல் இயல்பு. டச்சு ஓவியர் வின்சென்ட் வான் கோ (1853-1890) அவ்வுரிமை தமக்கு நிரம்ப இருந்தும் அதனைப் பெரும்பாலும் கொள்ளவில்லை. அவருடைய கடிதங்கள் இலக்கியத் தகுதி பெற்றமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வான் கோ எழுதியவற்றுள் 800-க்கு மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் பெரும்பகுதி தம்பி தியோவுக்கு எழுதப்பட்டவை. தியோவின் மனைவி யோகன்னா அவற்றைத் தொகுத்து 1914-இல் வெளியிட்டார். தியோ பாரிசில் ஓவிய வணிகம் செய்தவர். தமையனுக்குத் திங்கள்தோறும் பொருள் அனுப்பியவரும் அவரே. ஓவியங்கள் அவரிடம் சென்று சேரும் என்பது இருவர்க்கும் இடையே இருந்த உடன்பாடு. ஆதலின் புதிய ஓவியம் பற்றிய செய்தி வெறும் அன்புரை அன்று. பெற்ற பொருளுக்குக் காட்டும் கணக்கும் ஆகும். இதனை மறந்து இக்கடிதங்களை உள்ளப் பெருக்கு என்று மட்டும் கொள்வது பிழை. கணக்குக் காட்டவேண்டிய நிலையில் இருந்த ஒருவர் எதனைக் காட்டினார் என்பதே நோக்கற்பாலது.

1888 அக்டோபரில் ஆர்ல் நகரிலிருந்து தம் படுக்கையறை ஓவியத்தைப் பற்றி அவர் எழுதியதைச் சான்றாகக் கொள்ளலாம். ஓவியம் சிறந்தது என்றோ புதுமையானது என்றோ அவர் வாதிடவில்லை. சுவர் வெளிறிய ஊதா, தரை செங்கல் ஓடு, கட்டிலும் நாற்காலியும் புதுவெண்ணெயின் மஞ்சள், போர்வை செஞ்சிவப்பு, சன்னல் பச்சை, முகங்கழுவும் கலம் நீலம் என ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறார். வினைச்சொற்கள் அருகிப் பொருளும் நிறமுமே தொடராகின்றன. அறையில் வேறொன்றும் இல்லை என்று முடிக்கிறார். நிழல்களை நீக்கியதையும், ஓய்வு என்னும் உணர்வை நிறத்தாலேயே தோற்றுவிக்க விரும்பியதையும் கூறுகிறார். ஓவியத்தைக் காணாத தம்பி சொல்வழியே அதனைக் காண்கிறான். தமிழில் வண்ணம் என்னும் சொல் நிறத்தையும் செய்யுளின் ஓசை வேறுபாட்டையும் ஒருங்கே குறிக்கும். நிறப்பெயர்களின் அடுக்கே உரைநடைக்கு ஓசையாக அமைந்த இப்பகுதியைப் படிப்போர் அவ்விரு பொருளின் நெருக்கத்தை எளிதில் உணர்வர்.

கண்காட்சிச் செய்திகளிலும் இப்பண்பு தொடர்கிறது. 1888-இல் பாரிசில் நடுவர் தேர்வின்றி ஓவியங்களை ஏற்கும் கலைஞர் கழகத்தின் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் மூன்று இடம்பெற்றன. அப்போது தம்பிக்கு அவர் விடுத்த வேண்டுகோள் ஒன்று: இனிமேல் பட்டியலில் தம் பெயர் ஓவியத்தில் ஒப்பமிடுவதுபோல் வின்சென்ட் என்றே இருத்தல் வேண்டும். குடிப்பெயரைப் பிரெஞ்சு மக்கள் ஒலிக்க இயலாது என்பதே அவர் கூறிய காரணம்.

1889 நவம்பரில் பிரசெல்சின் இருபதின்மர் குழு அவரைக் கண்காட்சிக்கு அழைத்தது. அவர் அப்போது சான் ரெமியில் மனநோய் மருத்துவமனையில் இருந்தார். குழுவின் செயலாளர் ஒக்தாவ் மௌவுக்கு எழுதிய விடையில் நோயைப் பற்றிய முறையீடு இல்லை. சூரியகாந்தி இரண்டு, ஐவிக்கொடி, பூத்த பழத்தோட்டம், ஞாயிறெழும் கோதுமை வயல், சிவந்த திராட்சைத் தோட்டம் என ஆறு ஓவியங்களின் பட்டியல் உள்ளது. ஒதுக்கிய இடம் போதாமற் போகலாம், எனினும் ஆறும் ஒருங்கே இருப்பின் நிறவேறுபாடு சிறக்கும் என்பதே அவர் சேர்த்த கருத்து. இங்கும் வேண்டுவது தமக்கன்று, ஓவியங்களின் இயைபுக்கே.

சிவந்த திராட்சைத் தோட்டத்தின் செய்தி இருமுறை வருகிறது. இரண்டையும் ஒப்பிடுதல் பயன்தரும். 1888 நவம்பரில் அக்காட்சியைக் கண்ட மகிழ்ச்சியில் தம்பிக்கு எழுதியபோது, மதுவைப் போன்ற சிவப்பையும், தொலைவில் அது மஞ்சளாவதையும், மழைக்குப்பின் நிலம் ஊதாவானதையும் விரித்துரைத்தார். 1890-இல் அவ்வோவியம் பிரசெல்சில் 400 பிராங்குக்கு விற்றது. வாங்கியவர் அன்னா பாக். அவரும் அக்குழுவைச் சேர்ந்த ஓவியரே. இவ்வெற்றியை அன்னைக்கு அறிவிக்குங்கால், பிற விலைகளை நோக்க இது சிறிதே, ஆதலின் செலவுக்கு ஈடாக மிகுதியாக உழைக்க முயல்கின்றேன் என்னும் கருத்துப்பட எழுதி அமைகிறார். கண்டதற்குப் பல தொடர், விற்றதற்கு ஓரிரண்டே.

வாழ்நாளில் அவர் விற்றது இவ்வோர் ஓவியமே என்பர் சிலர். அது முற்றும் பொருந்தாது. 1882-இலேயே சிற்றப்பன் ஒருவர் ஹேக் நகரக் காட்சிகளைப் பணம் தந்து வரைவித்துள்ளார். யாரும் அறியாது மறைந்தார் என்பதும் பொருந்தாது. 1890 சனவரியில் ஆல்பெர் ஓரியே என்னும் திறனாய்வாளர் அவரைப் பெரிதும் பாராட்டிக் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் பாரிசுக் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் பத்து இருந்தன; அவையே அங்குச் சிறந்தன என மொனே கூறியதாகத் தியோ எழுதினார்.

புகழ் வந்த இவ்விடத்தே கடிதங்களின் குரல் தாழ்கிறது. ஓரியேவுக்கு நன்றி கூறியவர், அப்பாராட்டில் பெரும்பங்கு மொந்திசெல்லிக்கும் கோகனுக்குமே உரியது என்றார். நன்றிப் பரிசாகச் சைப்ரசு மர ஓவியம் ஒன்றை அனுப்ப இசைந்து, அதனைக் கழுவி, வண்ணம் உள்ளும் காய்ந்தபின் மெருகுநெய் பூசும் முறையைக் கற்பிக்கிறார். ஏப்ரல் இறுதியில், நெடுநாள் நோயினின்று எழுந்தவர், ஓரியே தம் ஓவியம் பற்றி மேலும் எழுதாதிருக்கக் கேட்டுக்கொள்ளுமாறு தம்பியை வேண்டினார். ஓவியம் தீட்டுதல் ஆறுதல். அதனைப் பற்றிய பேச்சுக் கேட்டல் துன்பம் என்றார். வெற்றிச் செய்தி கேட்டதும் அதற்காக ஒறுக்கப்படுவோமோ என அஞ்சியதாக அன்னைக்கும் எழுதினார். இதனை அவையடக்கம் என்று கொள்வது பொருந்தாது. அவையடக்கம் கற்பாரை நோக்கிய மரபுரை. இஃது உண்மையான அச்சம்.

இக்கருத்துக்கு மாறான சான்றும் உண்டு. 1889 சனவரியில், வேறு இரு ஓவியர்க்கு வேறு மலர்கள் உரியவாதல்போல் சூரியகாந்தி ஒருவகையில் தமக்கு உரியது என அவர் எழுதியுள்ளார். தற்புகழ்ச்சி அவரிடம் அறவே இல்லை என்பதற்கில்லை. ஆனால் அவ்விடத்தும் பிறரை முதற்கண் நிறுத்திப் பின்னரே தம்மை வைக்கிறார்.

1890 சூனில், என்றேனும் ஒருநாள் ஏதேனும் ஒரு காப்பிக்கடையில் தமக்கெனத் தனிக் கண்காட்சி வைக்க வழி பிறக்கும் என்று தம்பிக்கு எழுதினார். சூலை 29-இல் இறந்தார். அக்கண்காட்சியை நாடிப் படிப்பவர் இன்று ஒருவருமிலர். ஆயினும் கடிதம் கற்கப்படுகிறது. செய்தியின் நடுவில் எழுதுவோன் தன்னை வைத்தால் செய்தி முடிந்ததும் கடிதம் முடியும். காணப்பட்ட பொருளை வைத்தால் பின்வருவோரும் அதனைக் காண்பர். வான் கோவின் கடிதங்கள் இரண்டாம் வகையின என்பது மேற்காட்டியவற்றால் விளங்கும்.